இரண்டாவது இழுப்பு

இடது கை நகங்களை வெட்டி முடித்து, அப்பாவின் வலது கையை அவள் எடுத்தபோது வாசலில் முதலாளியின் கார் வந்து நின்றது.

"வராரு பாரு மகராசன்" என்று மாமா பல்லைக் கடித்தார்.

அந்த ஆளின் லாயத்தில் அப்பா பத்தொன்பது வருடம் குதிரை பார்த்தார். நேற்றுக் காலை சேணம் கட்டும்போது பெண் குதிரை அடிவயிற்றில் உதைத்துவிட்டது. இன்று விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்தது. ஐந்து மணிக்கு எடுப்பதாக இருந்தார்கள்.

இரண்டு படி ஏறியதற்கே முதலாளிக்கு மூச்சு வாங்கியது. கூடத்தில் கிடத்தியிருந்தவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வைத்தியர் தங்கமான மனுஷன்" என்றார் அம்மாவிடம்.

வைத்தியர் என்பது அப்பாவுக்கு அவர் கிண்டலாக வைத்த பெயர். மூன்று வாரத்துக்கு முன்பு அப்பா அவரிடம் சொல்லியிருந்தார். "ஐயா, சேணம் உரசி உரசி குதிரைக்கு முதுகுல வீங்கியிருக்கு. ஒரு மாசம் யாரும் ஏறக் கூடாது. அதுக்குள்ள நீங்களும் தினம் கொஞ்சம் நடந்து உடம்பக் கொறச்சீங்கன்னா ரெண்டு பேருக்கும் நல்லது."

"குதிரை வச்சிருக்கறவன் எதுக்குய்யா நடக்கணும்? வைத்தியரே, நீங்க சாணியப் பாருங்க, போதும்."

மறுநாளும் ஏறினார். அதற்கு மறுநாளும் ஏறினார்.

இப்போது அவளைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டார். "மூணு மணிக்கு ஒரு அம்மா அந்தக் குதிரைய வாங்க வராங்க. நானே ஏறி ரெண்டு சுத்து ஓட்டிக் காட்டணும். உங்கப்பாவ விட்டா அது உன்னத்தான கிட்ட சேர்க்கும்? சேணம் மட்டும் கட்டிக் குடுத்துட்டு வந்துடும்மா."

"இன்னைக்கா?"

"நாளைக்கு ஊரே பேசும். ஆளக் கொன்ன குதிரைய எவன் வாங்குவான்?"

அவள் உள்ளே போய் நகவெட்டியை மாமாவிடம் நீட்டினாள். "மீதிய நீங்க வெட்டுங்க. நான் லாயம் வரைக்கும் போயிட்டு வரேன்."

"உனக்கென்னடி கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றாள் அம்மா. "அப்பன இங்க போட்டுட்டு அந்தாளுக்கு வேலைக்குப் போறியா?"

"சீக்கிரம் வந்துடறேம்மா."

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். மாமாவிடமிருந்து நகவெட்டியை வாங்கி, அப்பாவின் வலது கையைத் தானே எடுத்துக்கொண்டாள்.

லாயத்தில் குதிரை அவளைப் பார்த்ததும் காதுகளை முன்னால் நீட்டியது. வீக்கம் முஷ்டி அளவுக்கு இருந்தது. தொடுவதற்கு முன்பே தோல் சிலிர்த்துக்கொண்டது. "கொஞ்ச நேரம் பொறுத்துக்கடி" என்று காதோரம் சொல்லிவிட்டு, மடித்த போர்வைகளை வீக்கத்தின் இருபக்கமும் வைத்து, அதன் மேல் படாமல் சேணத்தை இறக்கினாள். வயிற்றைச் சுற்றி வாரைக் கொண்டுவந்தாள். வார் ஏறுகிறது என்று தெரிந்தாலே மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும் குதிரை அது. அதனால் ஒரு தடவை இழுத்துவிட்டு ஒரு சுற்று நடக்க வைக்க வேண்டும். மூச்சு விட்டு வயிறு இறங்கியதும் இன்னொரு தடவை இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் வார் தொளதொளவென்று தொங்கும்.

ஒரு தடவை இழுத்தாள். லாயத்தை ஒட்டிய மணல் திடலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

வாங்க வந்த அம்மா நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்தார். சவாரிப் பள்ளி நடத்துகிறவராம். "கொஞ்சம் நடக்க விட்டு ஏறலாமே சார்?" என்றார்.

"அதெல்லாம் வேணாங்க. சாது இது, பச்சக் குழந்த மாதிரி." முதலாளி அவளிடம் திரும்பினார். "வார இழுத்தியா?"

"இழுத்துட்டேன்."

ஏறுவதற்கான சின்னப் படிக்கட்டைப் போடச் சொன்னார். முதல் முறை முழங்கால் மடங்கவில்லை. இரண்டாவது முறை பாதியில் வியர்த்து இறங்கிவிட்டார். மூன்றாவது முறை, மூட்டையை ஏற்றுவது போல் தன்னைத்தானே ஏற்றிக்கொண்டார். சேணத்தைச் சாயவிடாமல் அவள் மறுபக்கம் கால் வைக்கும் அங்கவடியை அழுத்திப் பிடித்திருந்தாள். அவர் உட்கார்ந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

ஒரு சுற்று நடையில் ஒழுங்காகப் போனது. குதிரை நீளமாக ஒரு மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது நாக்கு நுனி வரை வந்தது. அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

அந்த அம்மாவுக்குக் காட்டுவதற்காக முதலாளி குதிகாலால் தட்டி ஓட வைத்தார். திருப்பத்தில் சேணம் அவரோடு சேர்ந்து மெல்லப் பக்கவாட்டில் உருண்டது. அவர் ஒரு சத்தம்கூடப் போடவில்லை. விழுந்த பிறகுதான் அலறினார்.

வயிற்றுக்கடியில் தொங்கிய சேணத்தோடு குதிரை மிரண்டு நின்றது. அவள் அவரைத் தாண்டிப் போய் அதன் வாரை அவிழ்த்தாள்.

"இழுத்தேன்னு சொன்னியேடி!" மணலில் கிடந்தபடி கத்தினார். ஒரு கால் கோணலாகத் திரும்பியிருந்தது.

"ஒரு தடவ இழுத்தேன். ரெண்டாவது தடவ இழுக்கத்தான் எங்கப்பா குனிஞ்சாரு."

அந்த அம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு, குதிரையின் முதுகைப் பார்த்தார். பிறகு கீழே கிடந்தவரைப் பார்த்தார். "இதையா எனக்கு விக்கப் பாத்தீங்க?" என்றார்.

"தண்ணி..." என்றார் முதலாளி.

"வாயை நனைக்கற அளவுக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா" என்றார் அந்த அம்மா அவளிடம்.

அவள் குழாயடியில் வாளியை நிரப்பிக்கொண்டு வந்தாள். வழியில் குதிரை தலையைத் தாழ்த்தி வாளிக்குள் மூக்கை விட்டது. முதலாளி மறுபடி கூப்பிட்டார். வாளியை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அது குடித்து முடிக்கும் வரை அவள் அசையாமல் நின்றாள்.