நான்கு குழாய், பதினைந்தாயிரம்

1

இந்தக் கதை எனக்கு வாஷர் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. வாஷர் என்றால் குழாய்க்குள் போடுகிற ரப்பர் வளையம். சட்டைப் பொத்தான் அளவு, விலையும் ஏறக்குறைய அவ்வளவே. வாங்கிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் வீடு திரும்பியிருக்கலாம். இரண்டேகால் மணி நேரம் கடையிலேயே நின்றேன். காரணம், எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கும் தையல்காரியும் அவள் கணவரும் உள்ளே வந்ததுதான்.

ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள். காது என் தலையில் இருந்தது. அவர்கள் பேச்சு காற்றில் இருந்தது. இடையில் நான் என்ன செய்ய?

(வாயால் சொன்னால் வம்பு, எழுதினால் இலக்கியம். நான் எழுத வந்ததே இந்தச் சலுகைக்காகத்தான்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

தண்ணீர் என்பது மனித வாழ்வின்

அடித்துவிட்டேன். தண்ணீரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அடுத்தவர் வீட்டுச் சங்கதி.

இரண்டாவது முயற்சி:

இருபத்திரண்டு ஆண்டுகளாக அவள் ஒரு கனவைச் சுமந்துகொண்டு

இதுவும் வேண்டாம். அவள் சுமந்தது கனவை அல்ல, பாத்திரத்தை. பதினொரு இஞ்ச் உயரத்தில் அவளிடம் ஒரு பெரிய பாத்திரம் உண்டு. இதுவரை குடியிருந்த ஐந்து வாடகை வீடுகளிலும் சமையலறைக் குழாய் குட்டையாகவே அமைந்தது. பாத்திரம் அதன் கீழே நிமிர்ந்து நிற்காது. சாய்த்துப் பிடித்துப் பாதி நிரப்பி, மீதியைச் சொம்பால் மொண்டு ஊற்ற வேண்டும். இப்போது பக்கத்துத் தெருவில் சொந்தமாக ஒரு வீடு வாங்கிவிட்டார்கள். சுண்ணாம்பு, சுவிட்சு எல்லாம் முடிந்து, குழாய்கள் மட்டும் பாக்கி. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பாத்திரத்தை நிமிர்த்தி வைத்து, விளிம்புவரை நிரப்ப வேண்டும்.

சொன்னால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்குப் போய் என் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டு வலித்தது. சிரிப்பை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

3

அவளைத் தெருவில் ‘டேப்பு’ என்போம். கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அவள் கணவர் பஸ் ஓட்டுநர், அவருக்கு வைத்த பெயர் ‘பிரேக்கு’. பஸ்ஸில் அவர் எப்படியோ, செலவு என்று வந்தால் சக்கரம் தேயத் தேய நிறுத்துவார். அவர் கடைசியாகக் குழாய் வாங்கியது கல்யாணமான வருஷம். அன்றைய விலையையே மனதில் பொத்தி வைத்துக்கொண்டு கடைக்கு வந்திருந்தார். சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு மூன்று. நான்குக்கும் சேர்த்துப் பதினைந்தாயிரம் ஒதுக்கியிருந்தார். அதில் பாதி மிஞ்சும் என்பது அவர் கணக்கு.

கடைக்காரர் ஒரு வளைந்த குழாயை மேசைமேல் வைத்தார். உயரமாக, கழுத்தை வளைத்த கொக்கு மாதிரி.

“இது எவ்வளவு?”

“ஆறாயிரத்து எண்ணூறு சார்.”

“தண்ணியும் சேர்த்தா?”

கடைக்காரர் சிரிக்கவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது பேர் அதைக் கேட்பார்கள்போல. ஒரு கையில் அந்தக் குழாயையும் மறு கையில் மலிவான ஒன்றையும் டேப்பிடம் கொடுத்தார். “தூக்கிப் பாருங்கக்கா. இது முழுப் பித்தளை. அது மேல்பூச்சு. ரெண்டு வருஷத்துல உரிஞ்சு கையோட வந்துரும்.”

அவள் எடை பார்க்கவில்லை. டேப்பை உருவி உயரம் பார்த்தாள். தண்ணீர் விழும் வாய்க்கும் புது வீட்டுச் சமையலறைத் தொட்டியின் அடிக்கும் பன்னிரண்டு இஞ்ச் வரும். பாத்திரம் போக ஒரு இஞ்ச் மிச்சம்.

“இதைவிட உயரமா இருக்கா?”

“எதுக்கும்மா?” என்றார் பிரேக்கு. “பாத்திரம் பதினொன்னுதான?”

“ஒரு இஞ்ச் பத்தாதுங்க. ரெண்டு இஞ்ச் கூடுதலா லூஸ் விடணும். நாளைக்கு வளந்தா?”

“பாத்திரமா?”

“குடும்பங்க! குடும்பம் வளந்தா பாத்திரமும் வளரும்ல?”

பள்ளிக்கூடச் சீருடைக்கு அவள் சொல்கிற அதே நியாயம். அவளிடம் தைத்த பிள்ளைகள் மூன்று வகுப்பு தாண்டியும் அதே சட்டையில் திரிகிறார்கள். உயரமான குழாய் வந்தது. எட்டாயிரத்துத் தொள்ளாயிரம்.

4

இங்கே கதையை நிறுத்தி ஒரு சந்தேகம் சொல்ல வேண்டும். பிரேக்கை நான் சரியாகத்தான் எழுதுகிறேனா?

முதல் வரைவில் அவரைக் கஞ்சன் என்று எழுதி, நன்றாக நான்கு பத்தி கிண்டலடித்திருந்தேன். ஆனால் கடையில் நான் பார்த்தது வேறு. வந்ததிலிருந்து அவர் கண் சுவரில் மாட்டியிருந்த ஒரு மிக்ஸர் மீதே இருந்தது. வெந்நீரும் தண்ணீரும் கலந்து ஷவரில் விடுகிற குழாய் அது. நாள் முழுக்க ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி அவருக்கு வலது தோள் பழுது, வெந்நீர் விழுந்தால்தான் இதம். புதியது ஆறாயிரத்து ஐந்நூறு. கீறல் விழுந்த காட்சிப் பொருள் ஒன்றை நாலாயிரத்துக்குத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். பிரேக்கு அதைத் தொட்டுப் பார்த்தார், திருகிப் பார்த்தார், தோளை ஒருமுறை உருட்டிக்கொண்டார். பிறகு, “சாதா ஷவர் குழாய் என்ன விலை?” என்றார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

“அதையே போடுங்க. பச்சைத்தண்ணிதான் உடம்புக்கு நல்லது.”

கைகழுவும் தொட்டிக்கு ஆயிரத்து நானூறு, வாளிக்கு எழுநூறு. கூட்டினால் பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். மிச்சம் இரண்டாயிரத்து நூறு என்று அவர் முகம் மலர்ந்தது. அது எவ்வளவு நேரம் மலர்ந்திருந்தது என்பதற்கு ஓர் அடிக்குறிப்பு தேவை.

* குழாய் விலை என்பது குழாயின் விலை மட்டும்தான். சுவரிலிருந்து அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் ஹோஸ் தனி. தேவைப்படும்போது மூடுவதற்கான வால்வு தனி. மரையில் சுற்றும் வெள்ளை டேப் தனி. சுவரோடு ஒட்டும் மூடித்தட்டு தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்னவர் கட்டாயம் ஒரு குளியலறை கட்டியிருப்பார். எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து நூறு. மலர்ந்த முகம் பில் வந்ததும் கூம்பியது.

கஞ்சன் என்ற நான்கு பத்தியையும் கிழித்துப் போட்டேன். (ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன். நன்றாக வந்திருந்தது.)

கிளம்பும்போது கடைக்காரர் சொன்னார்: “பிடிக்கலைன்னா மூணு நாளைக்குள்ள மாத்திக்கலாம். ஆனா ஒன்னு, தண்ணி பட்டா எடுக்க மாட்டேன்.”

5

மறுநாள் பிளம்பர் வருகிறார் என்று கேள்விப்பட்டேன். யாரும் அழைக்கவில்லை. வீடு பார்க்க அழைப்பு எதற்கு? கையில் நோட்டோடு போனேன்.

பிளம்பர் ஒல்லியான மனிதர். காதில் பென்சில், வாயில் ஆணி, பேச்சு மூக்கு வழியாக. சமையலறையில் அந்த உயரமான கொக்குக் கழுத்துக் குழாயைப் பொருத்தி, ஹோஸை மாட்டி, துணியால் ஒரு துடை துடைத்தார். டேப்பு பாத்திரத்தைத் தொட்டிக்குள் வைத்தாள். நின்றது. நேராக, இருபத்திரண்டு ஆண்டுகளில் முதல்முறையாக. மேலே மூன்று இஞ்ச் காலி. அவள் முகத்தை நான் வர்ணிக்கப்போவதில்லை. முயன்றேன்:

அவள் கண்களில் முதல் சொட்டு நீர்

வேண்டாம். குழாயில் இன்னும் தண்ணீரே வரவில்லை.

“காத்து வரட்டும்” என்று பிரேக்கு தொட்டிக்கு மேலிருந்த ஜன்னலை உள்பக்கமாக இழுத்தார்.

டங்.

ஜன்னல் கதவு குழாயின் வளைவில் இடித்து நின்றது. ஒரு கை நுழைகிற அளவுதான் திறந்திருந்தது. அவர் மூடிவிட்டு மறுபடி இழுத்தார். டங்.

டேப்பு கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். அளந்தாள். திரும்ப அளந்தாள். கடையில் முதலில் பார்த்த அந்தக் குட்டைக் குழாயாக இருந்திருந்தால் ஜன்னல் அதன் தலைக்குமேல் சத்தமில்லாமல் போயிருக்கும். இடித்த ஒன்றேகால் இஞ்சும் அவள் விட்ட லூஸ்.

“மடிச்சுத் தைக்க முடியாதாக்கா?” என்றார் பிளம்பர், ஆணியோடு.

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவளே முதலில் சிரித்தாள். அடக்க முடியாமல், தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் தொற்றிக்கொண்டார். பிளம்பர் ஆணியைத் துப்பிவிட்டுச் சேர்ந்துகொண்டார். நான் ஒரு மூலையில் எழுதிக்கொண்டே சிரித்தேன். அந்தப் பக்கத்தில் என் கையெழுத்து எனக்கே புரியவில்லை.

6

இப்போது முடிவுகள். எழுத்தாளர் என்றால் கையில் நாலைந்து வைத்திருக்க வேண்டும்.

முடிவு அ: தச்சரைக் கூப்பிட்டு ஜன்னலை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுவது. வெளியே ஆள் நடக்கிற சந்து. முதல் நாளே யாராவது நெற்றியில் வாங்குவார்கள். அந்தச் சந்தில் அடிக்கடி நடப்பது நான் என்பதால் இந்த முடிவை நிராகரிக்கிறேன்.

முடிவு ஆ: ஜன்னலை நிரந்தரமாகச் சாத்திவிடுவது. அந்தச் சமையலறைக்கு வேறு ஜன்னல் கிடையாது. தாளிக்கிற அன்று வீடே தும்மும்.

முடிவு இ: குழாயைக் கொண்டுபோய்க் குட்டையானதை வாங்கி வருவது. இதில் என்ன கஷ்டம் என்பீர்கள். கஷ்டம் இருக்கிறது. அவளிடமிருந்து அளவு தப்பி ஒரு துணிகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெயரில்தான் வாடிக்கை, அந்த வாடிக்கையில்தான் இந்த வீடு. இப்போது கடைக்குப் போய், நான்கு பேர் நடுவில், ‘அளவு தப்பு’ என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். அந்தக் கடைக்காரரின் மூன்று மகள்களுக்கும் அவள்தான் தைக்கிறாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நோட்டு என் கையிலிருந்து போய்விட்டது.

7

“என்னக்கா இது? என்னை வச்சுக் கதையா?”

பிடுங்கியவள் டேப்பு. நின்றபடியே படித்தாள். நான் சுவரைப் பார்த்தேன். சுவர் நன்றாக இருந்தது, புதுச் சுண்ணாம்பு.

“டேப்பு, பிரேக்கு... ஓ, தெருவுல எங்களை இப்படித்தான் சொல்றீங்களா?”

“பாசத்துல சொல்றதும்மா.”

“என்னங்க, உங்களைக் கஞ்சன்னு நாலு பத்தி எழுதியிருந்தாங்களாம்.”

“நாலுதானா?” என்றார் பிரேக்கு.

அவள் அடுத்த பக்கம் புரட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. “ஜன்னல் ரெண்டு இஞ்ச் இடிக்குதுன்னு போட்டிருக்கீங்க. ஒன்னேகால்தான் இடிக்குது. என் தப்பை எழுதினா எழுதிக்கோங்க. தப்பையாவது சரியான அளவுல எழுதுங்க.”

திருத்திவிட்டேன். ஒன்றேகால்.

நோட்டைத் திருப்பித் தரும்போது அவள் குரல் இறங்கியது. “முடிவு இ-யில ஒன்னு விட்டுட்டீங்க. குட்டைக் குழாய் வாங்கினா எவ்வளவு திரும்பி வரும்?”

கணக்குப் போட்டேன். இரண்டாயிரத்து நூறு. அது மட்டுமா? சாதா ஷவர் குழாய் இன்னும் பிரிக்கப்படவில்லை. அதையும் கொடுத்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரம். ஆக நாலாயிரம். கீறல் விழுந்த அந்த மிக்ஸரின் விலை. இதைக் கதாசிரியர் நான் கவனிக்கவில்லை, அவள் கவனித்திருக்கிறாள். கடையில் கணவர் தோளை உருட்டியதை அவளும் பார்த்திருக்கிறாள்.

ஆனால் அவர் அதற்குள் பாத்திரத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். “ஜன்னலுக்கு ஒரு கை இடம் போதும். திறம்மா. இத்தனை வருஷமா சாய்ச்சது போதும். நிரம்புறதை நான் பாக்கணும்.”

“வேணாம். தண்ணி பட்டா எடுக்க மாட்டாங்க.”

“எடுக்க வேணாம்னுதான் சொல்றேன்!”

“உங்க தோளு?”

“தோளுக்கு என்ன? பச்சைத்தண்ணி—”

“பச்சைத்தண்ணி நல்லதுன்னு நேத்துதான கண்டுபிடிச்சீங்க?”

கவனியுங்கள். நேற்று வாங்கலாம் என்றவள் இன்று பிரேக் போடுகிறாள். பிரேக்கு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார். என் பாத்திரங்கள் இருவரும் என்னைக் கேட்காமல் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்கள். அவர் கை குழாயின் பிடிமேல். அதன்மேல் அவள் கை.

பிளம்பர் தொண்டையைச் செருமினார். “நான் மணிக்கணக்குக் கூலிங்க.”

8

அப்போதுதான் டேப்பு என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, கோச்சுக்காதீங்க. கொஞ்சம் வெளிய இருங்க. அளவு தப்பினது ஊருக்குத் தெரிஞ்சா தெரியட்டும். ஆனா இது எங்க வீட்டு விஷயம்.”

இத்தனை வருட வம்பு வாழ்க்கையில் என்னைப் பலர் வெளியே அனுப்பியிருக்கிறார்கள். யாரும் இவ்வளவு மரியாதையாக அனுப்பியதில்லை. சந்துக்கு வந்தேன். ஜன்னல் ஒரு கை அளவு திறந்தே இருந்தது. உள்ளே அவர் ஏதோ சொன்னார், அவள் சிரித்தாள். இன்னும் இரண்டடி நகர்ந்தால் எல்லாம் கேட்கும். வால்வு திறக்கிற சத்தமா, ஸ்பானர் குழாயைக் கழற்றுகிற சத்தமா என்று தெரிந்துவிடும். கதைக்கு முடிவும் கிடைத்துவிடும்.

நோட்டை மூடினேன். என் காதுகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். சொன்னால் நம்பமாட்டார்கள், தெருவில் யாரிடமும் சொல்லவும் இல்லை.

நீங்கள் வேண்டுமானால் சந்தில் நில்லுங்கள். உங்களை அவள் வெளியே போகச் சொல்லவில்லையே. ஏதாவது காதில் விழுந்தால் உங்களோடு இருக்கட்டும், என்னிடம் சொல்ல வேண்டாம்.

(சரி. யார் ஜெயித்தார்கள் என்று வேண்டாம். சிரித்தார்களா என்று மட்டும் சொல்லுங்கள்.)