கோரைத் துள்ளிக்கு ஒரு பூங்கா

கல்லூரி முழுக்கப் ‘பூச்சிக்காரர்’ என்று பேர் வாங்கிய அந்தப் பேராசிரியரின் உயிர் ஊருக்கு வெளியே ஒரு சதுப்பில் இருந்தது. அங்கே துள்ளி என்றொரு வண்ணத்துப்பூச்சி. கட்டைவிரல் நகம் அளவு, அழுக்குப் பழுப்பு நிறம். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. கோரையில் முட்டையிடும். பொரிந்த புழு, கோரைத் தாளை நூலால் தைத்துக் குழலாக்கி, குளிர்காலம் முழுக்க உள்ளேயே முடங்கிக் கிடக்கும். வெயில் வந்தால்தான் இறக்கை.

அந்தச் சதுப்பில் குப்பை கொட்ட நகராட்சி கிளம்பியதும் மனிதர் பதறியடித்து ஆணையரிடம் ஓடினார். புழு என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வரவில்லை. புழுவுக்கு எவன் கையெழுத்துப் போடுவான்? இறக்கை, தேன், பூ என்று கல்யாணத் தரகர் மாதிரி அளந்துவிட்டார்.

“புழுவப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்” என்றாள் மனைவி, அன்றிரவு வீட்டில்.

“காரியம் கெட்டுடும். நீ சும்மா இரு.”

ஆணையர் உருகிப்போனார். சதுப்பு பூங்காவாயிற்று. வாசலில் கன்றுக்குட்டி அளவில் ஒரு சிமெண்டுப் பட்டாம்பூச்சி, பளீரென்ற ஆரஞ்சில். பழுப்பு எடுப்பாக இருக்காது என்றாராம் பெயிண்டர். பூச்சிக்காரர் அதையும் விழுங்கிக்கொண்டார். துள்ளி பிழைத்தால் போதும்.

குளிர் விடுவதற்குள் திறப்பு விழா வைத்துவிட்டார்கள். புதுச்சட்டையோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். எங்கு பார்த்தாலும் ரோஜாத் தொட்டி. கோரை இருந்த இடம் மழுங்கச் சிரைத்த தலையாகக் கிடந்தது. ஓரத்தில் சாம்பல் குவியல்.

பூங்கா மேற்பார்வையாளர் வாயெல்லாம் பல்லாக வந்தார். “உங்க பட்டாம்பூச்சிக்காக ராப்பகலா உழைச்சிருக்கோம் சார். கோரை பூராவும் இலைச்சுருட்டுப் புழு. நல்லவேளை, நேத்தே கண்ணுல பட்டுச்சு. அடியோட அறுத்துக் கொளுத்தியாச்சு. இனிமே இங்க ஒரு புழு கிடையாது.”

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் தேவலை.

துள்ளியைக் காத்த மாமனிதர் என்று புகழ்ந்து, ஆணையர் அவரைப் பேச அழைத்தார். மைக்கைப் பிடித்தார். சொல்ல வேண்டிய நாளில் சொல்லாத வார்த்தை இப்போதுதான் வந்தது.

“அந்தப் புழு...” என்றார். புதுச்சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புழுவை ஒழித்ததற்குத்தான் மனிதர் நன்றி சொல்ல முடியாமல் கண் கலங்குகிறார் என்று கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.