அறுபத்து மூன்று பேருக்கு நன்றி

ஜெயித்தால் அலை, தோற்றால் உள்ளடி. உழைப்பாளர் சமத்துவக் கட்சியில் இந்த இரண்டைத் தவிர மூன்றாவது காரணத்தை யாரும் ஏற்றுக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. சட்டமன்றத் தேர்தலில் கட்சி மண்ணைக் கவ்வி ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் மாவட்டச் செயலாளர் மணவாளன் உத்தரவு போட்டுவிட்டார். கூடவே இருந்து குழி பறித்தவர்கள் யார் யார் என்று ஒவ்வொரு வட்டச் செயலாளரும் எழுதிக்கொண்டு வர வேண்டும். ஞாயிறு காலை பத்து மணி, பூந்தமல்லி கல்யாண மண்டபம். பெயர் கொடுக்காதவரின் பதவி அங்கேயே காலி.

ரவிச்சந்திரன் பதினோரு வருடமாக வட்டச் செயலாளர். அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டர் வேலை. அந்தப் பதவியை விட்டால் தெருவில் தன்னை யார் மதிப்பார்கள் என்ற பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது. அதனால் சனிக்கிழமை காலையிலேயே ஒரு பெயரை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வஹீதுன்னிசா. போன தேர்தலில் நானூறு ஓட்டு விழுந்த வாக்குச்சாவடியில் இந்த முறை விழுந்தது அறுபத்து மூன்று. அந்தச் சாவடிக்குப் பொறுப்பு அவள்தான். தையல் மெஷினையும் கட்சிக் கொடியையும் பதினெட்டு வருடமாக ஒன்றாகப் பார்த்துக்கொண்டவள். முதுகுக்குப் பின்னால் எழுதிக் கொடுப்பது அசிங்கம், நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அவள் வீட்டுக்குப் போனார். அந்த மட்டுக்கு மனுஷன் நல்லவர்தான்.

அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"நம்மளுக்கு ஓட்டு போட்ட அறுபத்தி மூணு பேருக்கும் நன்றி சொல்லிட்டு வரலாம்னுதான் அண்ணே."

ரவிச்சந்திரனுக்குச் சிரிப்பு வந்தது. ஜெயித்தவன் ஜீப்பில் நின்றுகொண்டு கும்பிடு போட்டுப் போவான், அதுதான் நன்றி அறிவிப்பு. தோற்றவன் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் கிடப்பான், அதுதான் மரியாதை. "அந்த அறுபத்தி மூணு பேரு யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"எப்டித் தெரியும்? அதான் எல்லா ஊட்டுக்கும் போறேன்."

சொல்ல வந்ததைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சரி, இரண்டு வீடு கூடப் போய்விட்டுச் சொல்லிக்கலாம் என்று பின்னாலேயே நடந்தார்.

முதலில் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒரு வீட்டில் கதவைத் திறந்தவர், "தோத்தவங்க நீங்கதானே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டு மூடிவிட்டார். இன்னொரு வீட்டில் சந்தா கேட்க வந்ததாக நினைத்து, வீட்டுக்காரர் ஊரில் இல்லை என்று வீட்டுக்காரரே சொன்னார். மூன்றாவது மாடியில் ஸ்வாதி என்ற பெண், காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு நிதானமாகப் பேசினாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, சொந்த ஊர் தேனிப் பக்கம்.

"நான் உங்களுக்குத்தாங்க போட்டேன். குறைஞ்சபட்சக் கூலி பத்தி நீங்க மட்டும்தான் பேசினீங்க. ஆனா இந்த பில்டிங்குக்கு ஒருத்தர்கூட வரலையே? பூத் சிலிப்பக்கூட வாட்ச்மேன்கிட்ட கட்டாக் குடுத்துட்டுப் போயிட்டாங்க."

கட்டாகக் கொடுக்கச் சொன்னது ரவிச்சந்திரன்தான். மாடி ஏறினால் மூட்டு வலிக்கும், தவிர ஃப்ளாட்காரர்கள் ஓட்டே போட மாட்டார்கள் என்பது அவருடைய கணிப்பு. வஹீதுன்னிசா அவர் பக்கம் திரும்பாமல், "தப்புதாம்மா. இருந்தும் போட்டியே, ரொம்ப நன்றி" என்றாள். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததைப் பார்க்க ரவிச்சந்திரனுக்கே சந்தோஷமாக இருந்தது.

பிறகு பின்தெரு. வரிசையாக ஷீட் போட்ட வீடுகள், நடுவில் இன்னும் மூடாத கால்வாய்ப் பள்ளம். கட்சி பிறந்ததிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போட்ட தெரு. ஞானம்மாள் என்பவள் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வஹீதுன்னிசாவைப் பார்த்ததும் எழுந்தவள், பின்னால் ரவிச்சந்திரனைப் பார்த்ததும் திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

"ஆரத்தித் தட்டு கலக்கி வெச்சிக்கினு நாப்பது பொம்பளைங்க நின்னோம். சாயங்காலம் நாலு மணிலருந்து எட்டு மணி வரிக்கும். இந்தப் பள்ளத்துல வுழுந்துதான் எங்க ஊட்டுக்காரு கால ஒடச்சிக்கினாரு. வேட்பாளரு கையில மனு குடுக்கலாம்னு எழுதி வேற வெச்சிருந்தேன். இன்னா ஆச்சி? பிரசார வேன் வந்துச்சா?"

அந்த வேனில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ரவிச்சந்திரன்தான். ரோடு தோண்டிக் கிடக்கிறது, இறங்கி நடக்கலாமா என்று வேட்பாளர் கேட்டார். டிரைவரைப் பார்த்துத் தான் சொன்ன பதில் இப்போது எழுத்து எழுத்தாக ஞாபகம் வந்தது. 'நேரமாயிட்ச்சி, மெயின் ரோட்லயே போ. இந்தத் தெரு ஓட்டு எங்க போவப் போவுது?'

"அன்னிக்கு இந்தப் பொண்ணுதான் ஒவ்வொரு ஊடா வந்து மன்னிப்பு கேட்டுச்சி" என்றாள் ஞானம்மாள். "நான் போடல, பொய் சொல்ல மாட்டேன். ஆனா போட்டவங்க கட்சிக்காகப் போடல. இது மூஞ்சிக்காகப் போட்டாங்க."

அப்படியானால் இவள் இல்லாவிட்டால் அந்த அறுபத்து மூன்றுகூடத் தேறியிருக்காது. அன்று மாலை இவள் மூன்று தடவை போன் செய்ததும், பிரசாரத்தில் என்ன தொல்லை என்று தான் கட் பண்ணியதும் சேர்ந்தே நினைவுக்கு வந்தன.

தெருமுனையில் நின்று பையிலிருந்த தாளை எடுத்து அவளிடம் கொடுத்தார். "நாளிக்கு மீட்டிங்ல குடுக்க எழுதினது. உன் பேருதான் கீது. நான் செஞ்சத உன் தலையில கட்டப் பார்த்தேம்மா."

வஹீதுன்னிசா இரண்டு தடவை படித்தாள். "பதினெட்டு வருசம் அண்ணே. என் பையன் காய்ச்சல்ல கெடந்தப்போகூட போஸ்டர் ஒட்ட வந்தேன்." தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாள். அவர் கூடப் போகலாமா, வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மண்டபத்தில் மணவாளன் ஒவ்வொரு தாளாக உரக்கப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு உச்சுக்கொட்டல். ரவிச்சந்திரனின் தாள் வந்ததும் நிறுத்தினார்.

"இன்னாய்யா, உன் பேரையே எழுதி வெச்சிருக்க?"

ரவிச்சந்திரன் எழுந்து வேன் கதையையும் சிலிப் கட்டு கதையையும் மறைக்காமல் சொன்னார். நன்றி சொல்லப் போன கதையையும் சொன்னார். "நம்மள யாரும் உள்ளடி அடிக்கல அண்ணே. நாமதான் கதவத் தட்டல. அந்தம்மா தட்டுச்சி, அறுபத்தி மூணு கெடச்சிது. அங்கருந்துதான் ஆரம்பிக்கணும்."

மணவாளன் கையிலிருந்த மற்ற தாள்களை மடித்து வைத்தார், மேற்கொண்டு படிக்கவில்லை. ஆனால் உத்தரவு உத்தரவுதான். "இன்னியோட நீ வட்டச் செயலாளர் இல்ல. அந்தம்மாவை வந்து என்னைப் பாக்கச் சொல்லு."

பதவி போனால் உயிரே போய்விடும் என்று நினைத்திருந்தவருக்கு, வெளியே வந்ததும் பசித்தது. மண்டபத்து வாசலிலேயே நின்று அவளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"எனக்கு இன்னும் கோவம் போவல அண்ணே" என்றாள் அவள். "ஆனா இன்னும் நூத்தி நாப்பது ஊடு பாக்கி கீது. ஒண்டியா முடியாது. வர்றீங்களா?"

அந்தக் கேள்விக்காக அவர் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், போனைப் பிடித்தபடியே தலைக்கு மேல் கைகூப்பினார். பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்தவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அன்று மத்தியானம், முதல் வீட்டில் கதவைத் திறந்த வயதானவர் வஹீதுன்னிசாவிடம் நலம் விசாரித்துவிட்டு, "நீங்க யாரு?" என்று ரவிச்சந்திரனைக் கேட்டார். பழக்கதோஷத்தில் 'வட்டச் செயலாளர்' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் அதை விழுங்கிக்கொண்டார்.

"இந்தம்மா கூட வந்தவன்" என்றார்.