சாத்துக்குடித் தோல் மிட்டாய்

"அம்மா, பழத்தை நாம சாப்பிடறோம், தோலை மாடு சாப்பிடுது. அப்புறம் மாடு மட்டும் எப்படி கொழுகொழுன்னு இருக்குது?"

ஆரணியில் ஒரு ஜூஸ் கடை வாசலில் தேவிப்ரியா முன்பொரு நாள் கேட்டது இது. அவள் அம்மா சூர்யகலா அப்போது சிரித்துவிட்டாள். மறுநாளே போய் ஒரு பை நிறைய சாத்துக்குடித் தோல் கேட்டு வாங்கி வந்தாள். கசப்புப் போக இரண்டு முறை வேகவைத்து, மொட்டைமாடியில் காயவைத்துப் பொடித்தாள். வறுத்த கேழ்வரகு மாவு, வேர்க்கடலை, வெல்லப்பாகு சேர்த்துத் துண்டு போட்டாள். தெருவில் அதற்குத் 'தோல் மிட்டாய்' என்று பேர் வைத்தார்கள். கேலிதான், ஆனாலும் வாங்கித் தின்றார்கள்.

சூர்யகலா குடியிருந்த வீடும் மாடியும் பட்டு முதலாளி சிவப்பிரகாசத்துடையவை. கீழ்ப்பகுதியில் குடியிருந்த கண்ணகி அவருக்குத்தான் நெய்தாள். சாயம் போட்ட அவளுடைய பட்டுநூல் சிட்டங்களும் அதே மாடியில் மூங்கிலில் காயும். ஒருநாள் சூர்யகலா தோலைச் சரியாக வடிக்காமல் தூக்கிப் போக, புளிப்பு நீர் சொட்டிய இடமெல்லாம் சிட்டங்களின் அரக்குச் சிவப்பு வெளிறிப்போனது.

"எலுமிச்சை ஊறுகா பிசைஞ்ச கையோட நான்தாங்க தொட்டுட்டேன்" என்றாள் கண்ணகி முதலாளியிடம். அந்த மாதம் அவர் அவளுக்கு நெய்யப் பாவு தரவில்லை; கூலியும் போனது.

"ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?" சூர்யகலாவுக்கு அழுகையே வந்தது.

"உன் பேரச் சொன்னா மாடிப்பக்கமே உன்ன விடமாட்டாரு. அப்புறம் தோல எங்க காயவைப்ப, என் தலையிலயா? போய் வேலையப் பாருடி."

ஆடி வெள்ளியன்று கண்ணகி படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். போளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்று திங்கட்கிழமைக்கு மிட்டாய் கேட்டிருந்தது. சூர்யகலாவுக்கு முதல் பெரிய ஆர்டர். அதற்கான தோல் முழுவதும் பாயில் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து மூங்கிலில் கண்ணகியின் புதுச் சிட்டங்கள்.

தோலைக் கிளறிக்கொண்டிருந்தபோதே தூறல் விழுந்தது. சூர்யகலா சிட்டத்துக்குக் கை நீட்டினாள், சட்டென்று இழுத்துக்கொண்டாள். கையெல்லாம் தோல்பிசுக்கு. குழாயடிக்கு ஓடிச் சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து சிட்டங்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். கண்ணகி வீட்டில் அவள் கணவர் தூங்கிக்கொண்டிருக்க, தறிக்கு மேலிருந்த கொடியில் நனையாமல் மாட்டினாள். திரும்பி வந்தபோது மழை வலுத்துவிட்டது. பாயில் தோல் மிதந்தது.

பள்ளிக்கூடத்துக்கு போன் செய்து புதன்கிழமைவரை தவணை கேட்டாள். ஒப்புக்கொண்டார்கள், கொஞ்சம் முகச்சுளிப்போடு.

பொழுது சாய்ந்து கண்ணகி குங்குமத்தோடு வந்தாள்.

"அதிசயத்தப் பாரேன் சூர்யா, எங்க வூட்டுக்காரரு மழை வருதுன்னு பட்டுநூலெல்லாம் எடுத்து வச்சிருக்காரு! அம்மன்தான் புத்தி குடுத்திருக்கா."

"ஆமாங்க்கா, அம்மன்தான்" என்று சூர்யகலா நெற்றியைக் காட்டினாள்.