பென்சில் இல்லாத பதிவேடு

"இதுல பென்சில் எங்கேடா இருக்கு? முதல்ல அதைச் சொல்லு."

"டீச்சர், இதுல பென்சிலும் கிடையாது, பேனாவும் கிடையாது. தட்டினா தட்டினதுதான்."

"நான் லேசாத்தானே போட்டேன்!"

"லேசா தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் அது ரெண்டுதான், டீச்சர்!"

ருமேனியா எல்லையை ஒட்டிய விதின் நகரத்துப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் அறையில், ஒரே கம்ப்யூட்டர் முன்னால் இருவரும் இடித்துக்கொண்டு நின்றார்கள். ரூமியானா வேதியியல் ஆசிரியை. யாவோர் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவன். ஒரு காலத்தில் இதே பள்ளியில் அவரிடம் படித்தவன். காகிதப் பதிவேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டி நான்கு நாள்தான் ஆகிறது. இனி மதிப்பெண் எல்லாம் ஆன்லைனில்.

"உனக்கே பென்சில்ல ரெண்டு போட்டிருக்கேன், மறந்துட்டியா?"

"மறப்பேனா? மூணு தடவை. அடுத்த வாரம் பதில் சொன்னதும் ரப்பரால அழிச்சீங்க. எங்க வீட்டுக்குத் தெரியவே தெரியாது."

"அதைத்தான் இன்னைக்கும் செஞ்சேன். பயந்து படிக்கட்டும்னு போட்டேன்."

மதிப்பெண்ணில் ஆறு உச்சம், இரண்டு என்றால் தோல்வி. முப்பத்தொரு வருடமாக ரூமியானா யாருக்கும் முதல் தடவை போடும் 'இரண்டு' பென்சிலில்தான் விழும். இன்று காலை மூன்றாவது பீரியடில் பதினோராம் வகுப்பு மிலேனா கரும்பலகை முன்னால் வாயடைத்து நின்றபோது, பழக்கத்தில் இரண்டைத் தட்டிவிட்டார். அது பெற்றோர் போனுக்கே போகும் என்று திங்கட்கிழமை யாவோர் சொன்னதை, நோட்டில் எழுதியும் வைத்திருந்தார். தட்டும்போது நினைவுக்கு வரவில்லை.

மிலேனாவின் அப்பா ஸ்தாமென் லாரி ஓட்டுபவர். செப்டம்பர் பெற்றோர் கூட்டத்தில் ரூமியானாவின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்: "ஒரே ஒரு ரெண்டு வரட்டும் டீச்சர், பன்னிரண்டாவதும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஸ்பெயின்ல அவ அத்தை இருக்கா. அங்க போய் மிளகாயைப் பெட்டியில அடுக்கட்டும்."

"செய்தி எப்போ போகும்?" என்றார் ரூமியானா.

"ரெண்டு மணிக்கு, மொத்தமா. இப்ப ஒண்ணு முப்பத்தெட்டு."

"அப்ப அழி."

"உங்க கணக்கு, நீங்கதான் அழிக்கணும். காரணம் கேக்கும். இதுல ஒண்ணைத் தொடுங்க."

திரையில் மூன்று வரிகள் இருந்தன. மாணவர் மாறிவிட்டார். பாடம் மாறிவிட்டது. மதிப்பெண் தவறு.

"நாலாவது எங்கே?"

"நாலாவது கிடையாது. மூணாவதைத் தட்டிட்டு வேற மார்க் போடுங்க."

"பொய் சொல்லச் சொல்றியா? அவளுக்குத் தெரியல. அது சரியான ரெண்டுடா!"

"அப்ப விடுங்க. பொண்ணு மிளகாய் அடுக்கட்டும்."

ரூமியானா அவனை முறைத்தார். "போய் அவளைக் கூட்டிட்டு வா. ஓடு!"

மிலேனா விளையாட்டுச் சட்டையோடு மூச்சு வாங்க வந்து நின்றபோது மணி ஒன்று நாற்பத்தாறு.

"காலையில கேட்டதேதான். அலுமினியம் ஆக்ஸிஜனோட எரியுது. சமன்பாட்டை எழுது."

"இப்பவா டீச்சர்? அடுத்த வாரம்தானே கேப்பீங்க?"

"இனிமே அடுத்த வாரம்னு ஒண்ணு இல்லம்மா. எழுது."

எழுதினாள். அலுமினியத்துக்கு முன்னால் இரண்டு போட்டாள். யாவோர் தொண்டையைச் செருமினான்.

"நீ வாயைத் திறந்தே, தொலைச்சுடுவேன்," என்றார் ரூமியானா, திரும்பாமலே.

மிலேனா விரல்விட்டு எண்ணினாள். ஒன்று ஐம்பத்திரண்டு. இரண்டை அடித்துவிட்டு நான்கு எழுதினாள். ஆக்ஸிஜனுக்கு மூன்று. கடைசியில் ஆக்ஸைடுக்கு இரண்டு.

"ஏன் நாலு?"

"அந்தப் பக்கம் நாலு இருக்கு. இந்தப் பக்கமும் நாலு வரணும்."

"இது காலையில எங்கடி போச்சு?"

"நேத்து வாலிபால் போட்டி, டீச்சர். புத்தகத்தைத் தொடவே இல்ல. வகுப்பு முடிஞ்சு இடைவேளையிலதான் படிச்சேன்."

ரூமியானா மவுஸைப் பிடித்தார். அம்புக்குறி மூன்றாவது வரியின்மேல் ஆடிக்கொண்டே நின்றது. 'மதிப்பெண் தவறு.' கண்ணை மூடித் திறந்து அழுத்தினார். இரண்டு மறைந்தது. அந்த இடத்தில் நான்கைத் தட்டினார்.

"ஒண்ணு ஐம்பத்தாறு," என்று யாவோர் நாற்காலியில் விழுந்தான். "எனக்கு வேர்த்தே போச்சு."

மேசைமேல் ரூமியானாவின் போன் அதிர்ந்தது. ஸ்தாமென். யாவோர் வேண்டாம் என்று கையை ஆட்டினான். ரூமியானா எடுத்துவிட்டார். லாரி எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினார் மனிதர்; அறை முழுக்கக் கேட்டது.

"டீச்சர், ருமேனியா போற பாலத்துல மூணு மணி நேரமா வரிசையில நிக்கிறேன். பொழுது போகாம போன்ல அந்தப் பதிவேட்டைத்தான் திறந்து பாத்துட்டிருக்கேன். இவ்வளவு நேரமும் ரெண்டுன்னு இருந்துச்சு. இப்ப நாலுங்குது, கீழே 'தவறு'ன்னு போட்டிருக்கு."

"ஸ்தாமென், அது வந்து..."

"இருங்க. மெஷினை நான் நம்பல. எனக்கும் நீங்கதான் பாடம் எடுத்தீங்க, நீங்க சொன்னா அப்படியே நம்புவேன்."

மிலேனா சுவரோடு ஒட்டி நின்றாள். எஞ்சினை அணைத்துவிட்டார் போல. குரல் தணிந்து, தெளிவாக வந்தது.

"காலையில வகுப்புல கேட்டப்போ என் பொண்ணு பதில் சொன்னாளா, இல்லையா?"