நான்கு மில்லிமீட்டர் சிவப்பு

ஏரிக் காப்பக அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவருக்கு ‘ஸ்கேல்’ என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். வீட்டுச் சுவரில் காலண்டர் மாட்டுவதற்கு இரண்டு பக்கமும் அளந்து அளந்து பார்த்து, ஆணி அடிக்காமலேயே பிப்ரவரியைக் கடத்தியவர் அவர். இதை அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். தன்னைப் பற்றிய கிண்டலைத் தானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கு மிச்சம் இருக்காது என்பது அவர் கணக்கு. அவருடைய கணக்குகள் பலவற்றைப் போல இதுவும் தாளில் மட்டுமே சரியாக வந்தது.

அந்த வருடம் ஏரிக்குப் புதிய திட்டம் போட்டார்கள். நடு ஏரியில் இருக்கும் நாணல் காடு பறவைகளுக்கு. அங்கே மனிதர் கால் வைக்கக் கூடாது. அதைச் சுற்றியுள்ள நாணல், அதை வெட்டித் தட்டி பின்னிப் பிழைக்கிற பதினெட்டு வீட்டுக்கு. அதுவும் பறவைகள் கூடு கட்டும் காலத்துக்கு முன்னால், வருடத்தில் இருபது நாள் மட்டும். எந்த இடத்தில் பறவை முடிகிறது, எந்த இடத்தில் அரிவாள் தொடங்குகிறது என்று அதிகாரியும் வெட்டுகிறவர்களும் மூன்று நாள் ஒரே படகில் உட்கார்ந்து சண்டை போட்டு, சமாதானமாகி, முப்பத்தொரு கழி நட்டார்கள். வெட்டுகிறவர்கள் சார்பில் சண்டை போட்டவர் ஸ்கேலின் அக்கா.

கழிகளை அளந்து ஸ்கேல் படம் வரைந்தார். தலைமுடி போல ஒரு சிவப்புக் கோடு. கூட்டத்துக்கு முதல் நாள் ஒத்திகையில் அதிகாரி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “கோடு எங்கய்யா?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். ஸ்கேலுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது.

புதுத் தாள் எடுத்தார். தடித்த மார்க்கர் எடுத்தார். தடிமன் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று வேறு யோசித்தார். பறவைகளின் பக்கம் ஒரு சொட்டுச் சிவப்பும் படக் கூடாது, அது புனிதமான பகுதி. எனவே வளையும் ரப்பர் ஸ்கேலை உள்பக்கம் வைத்து, தடிமன் முழுவதையும் வெளிப்பக்கம் தள்ளினார். இயற்கைக்குத் தன்னால் ஆன உபகாரம் என்று உள்ளம் குளிர்ந்துபோனார்.

கூட்டத்தில் படத்துக்குக் கைதட்டல். அதிகாரி கையெழுத்துப் போட்டார். ஸ்கேலின் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சூட்டோடு இரண்டு குறிப்புகள் எழுதிக் கொடுத்தார்: படமே இனி ஆதாரம் என்பதால் கழிகளைப் பிடுங்கிவிடலாம், இரண்டு படம் இருந்தால் குழப்பம் வரும் என்பதால் பழைய தாளை அழித்துவிடலாம். அவர் பணிக்காலத்தில் மறுபேச்சில்லாமல் நிறைவேறிய குறிப்புகள் இவை இரண்டுதான்.

வெட்டுக் காலத்தின் மூன்றாம் நாள் அக்கா முழங்கால் சேற்றோடு அலுவலகத்துக்குள் வந்து நின்றார்.

“எங்கடா அந்தப் படம்?”

“அக்கா, செருப்பு போடாம...”

“செருப்பு படகுல இருக்கு. படகு காவலர்கிட்ட இருக்கு. ஆறு அரிவாளும் அவர்கிட்டதான் இருக்கு. நீ படத்தை எடு.”

பின்னாலேயே ஏரிக் காவலர் மடித்த படத்தோடு வந்தார். நல்ல மனிதர், அதனாலேயே கையைப் பிசைந்தார். “நான் என்ன சார் பண்ணட்டும்? சிவப்புல கால் வச்சா பிடின்னு உத்தரவு. இவங்க நட்ட நடுச் சிவப்புல நின்னு வெட்டிட்டு இருந்தாங்க.”

“நடுவுலயா?” என்றார் ஸ்கேல். “கோட்டு மேல எப்படிங்க ஆள் நிக்க முடியும்? கோட்டுக்கு நீளம்தான் உண்டு, அகலம் கிடையாது. பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுத்திருக்காங்க.”

காவலர் மேசையில் இருந்த அளவுகோலை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தார். நான்கு மில்லிமீட்டர். படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் நூறு மீட்டர். ஸ்கேல் மனத்துக்குள் பெருக்கினார். இன்னொரு முறை பெருக்கினார். இரண்டு முறையும் நாற்பது மீட்டரே வந்தது.

“அந்த நாப்பது மீட்டர்ல என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு?” என்றார் அக்கா. “படகும் போகும், ஆளும் நின்னு வெட்டலாம், அப்படி ஆழம் இருக்கிறது அங்க மட்டும்தான். அதுக்கு வெளிய எல்லாம் சேறும் குட்டை நாணலும். அது இல்லன்னா இந்த வருஷம் பதினெட்டு வீட்டுல தட்டி இல்ல. இருபது நாள்ல மூணு போச்சு.”

அதிகாரி பிடிவாதக்காரர் இல்லை. “தப்புன்னா திருத்தலாம்” என்றார். “ஆனா கையெழுத்துப் போட்ட படம். யாரு தப்பு, எப்படி நடந்துச்சுன்னு எழுத்துல வரணும். வந்தாதான் மறுபடி அளக்க உத்தரவு போட முடியும். உங்க பணிப் பதிவேட்டுல ஏறும், அதையும் சொல்லிடறேன்.”

ஸ்கேல் இரண்டு நாள் எழுதினார். பொருள் ஒன்று, பார்வை ஆறு, இணைப்பு மூன்று என்று நான்கு பக்கம். ஐந்தாம் நாள், நிறுத்தி வைத்த படகு மேல் உட்கார்ந்திருந்த அக்காவிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினார்.

“மேற்படி கோடானது, பார்வையாளர் நலன் கருதி, சற்றே தடிமன் அடைந்துவிட்டது...”

“நிறுத்து. தடிமன் அடைஞ்சிடுச்சா? தானாவா? மூணு வேளையும் நல்லாத் தின்னுட்டு உட்கார்ந்தே இருந்துச்சோ?”

“ஆபீஸ் கடிதம் அப்படித்தான்க்கா எழுதணும்.”

“நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள கொக்கு குஞ்சு பொரிச்சு, அந்தக் குஞ்சுக்குக் கல்யாணமும் ஆயிடும்.”

“இருபத்தெட்டு வருஷம்க்கா. பதிவேட்டுல ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது.”

“எங்க வயித்துல நீ சிவப்புக் கோடு போட்டிருக்கியே, அதுக்கு என்ன சொல்ற?”

ஸ்கேல் மூன்று இணைப்புகளையும் உருவிச் சட்டைப் பைக்குள் வைத்தார். கரையிலேயே உட்கார்ந்து நான்காம் பக்கத்தின் பின்புறத்தில் எழுதினார்: ‘கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் கோட்டைத் தடிமனாக்கியவன் நான். அதை முழுக்க வெட்டுகிறவர்கள் பக்கம் தள்ளியவனும் நான். கழிகளைப் பிடுங்கச் சொன்னதும், பழைய தாளை அழிக்கச் சொன்னதும் நானே.’ படித்துப் பார்த்தபோது, ஒரு ஏரிக்கு இவ்வளவு சேதத்தைத் தனி ஆளாகச் செய்திருக்கிறோமே என்று அவருக்கே கொஞ்சம் பிரமிப்பாக இருந்தது.

அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்தார். “கழியைப் பிடுங்கலாம்னு சொன்னது நீங்களா? நல்ல யோசனைன்னு நான் அதை என் அறிக்கையில என் பேர்ல போட்டுட்டேனே.” பிறகு மென்று விழுங்கிக்கொண்டு உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

ஏழாம் நாள் காலையில் அதிகாரி, காவலர், ஸ்கேல், அக்கா, அவரோடு நாணல் வெட்டுகிற பெண்கள் எல்லோரும் இரண்டு படகில் போனார்கள். ஸ்கேல் கயிறு, அளவு நாடா, திசைகாட்டி எல்லாம் கொண்டுபோயிருந்தார். எந்தப் புள்ளியில் இருந்து அளப்பது என்பதுதான் தெரியவில்லை. அக்கா தண்ணீரில் இறங்கிக் காலால் துழாவினார். “இங்க ஒண்ணு.” கழிகளைப் பிடுங்க வந்தவர்கள் பிடுங்கவில்லை, தண்ணீருக்கு மேலே தெரிந்ததை மட்டும் ஒடித்துப் போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் இப்படிப்பட்ட அரைகுறை வேலைக்கு ஸ்கேல் சும்மா இருந்திருக்க மாட்டார், மூன்று பக்கத்துக்குக் குறிப்பு எழுதியிருப்பார். அன்று அந்தச் சோம்பேறிகளை மனத்துக்குள் கும்பிட்டுக்கொண்டார்.

ஒவ்வொரு அடிக்கட்டையாகக் கண்டுபிடித்துப் பக்கத்திலேயே புதுக் கழி நட்டுக்கொண்டு வந்தார்கள். பதினான்காவது கட்டையில் அக்கா நின்றுவிட்டார். கட்டைக்கு வெளியே, வெட்டுகிறவர்கள் பக்கம், இரண்டு எட்டு தள்ளி நாணலுக்குள் ஒரு கூடு. நான்கு முட்டை. ஏதோ அவசரக்காரப் பறவை, காலத்துக்கு முன்பே வந்துவிட்டது.

அக்கா கூட்டைச் சுற்றி வெளிப்பக்கமாக நடந்து, பதினைந்து எட்டு தள்ளிக் கையைக் காட்டினார். “கழியை இங்க நடு.”

“அக்கா, கட்டை அங்க இருக்கு. எல்லை அதுதான். அதை மீட்கத்தான் நான் பதிவேட்டையே காவு குடுத்தேன்.”

“முட்டை இங்க இருக்கே. பார்த்துட்டு எப்படிடா வெட்டுறது? இந்த மூலை போனா ரெண்டு கட்டு குறையும், மீதி எல்லாம் எங்களுதுதானே. நடு.”

ஸ்கேல் நோட்டைத் திறந்தார். “யார் உத்தரவுன்னு எழுதட்டும் சார்?”

அதிகாரி அக்காவைப் பார்த்தார். “வெட்டுறவங்க சொன்னதுன்னு எழுதுங்க. கீழ நான் கையெழுத்துப் போடறேன்.”

முப்பத்தொன்று வரை போய்த் திரும்பியதும் காவலர் ஆறு அரிவாளையும் துணியில் சுற்றியபடியே எடுத்துக் கொடுத்தார். பெண்கள் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டார்கள். இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது. கொஞ்ச நேரத்தில் நாணல் சாயும் சத்தம் கேட்டது.

பதினான்காம் கழி மட்டும் சேற்றில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில், நோட்டைத் தலைமேல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்கேல் கழியைப் பற்றியிருந்தார். அக்கா படகில் நின்றபடி மரச்சுத்தியலை ஓங்கினார்.

“இரு அக்கா, இரு. கழி கொஞ்சம் இடது பக்கம் சாயுது.”

“கழி நேராத்தான்டா இருக்கு. நீதான் சாஞ்சிருக்க. காலை நல்லா ஊன்று.”

ஸ்கேல் கீழே பார்த்தார். ஒரு கால் சேற்றில் முழங்கால் வரை போயிருந்தது. மறுகாலையும் அதே ஆழத்துக்கு இறக்கிக்கொண்டு, “இப்ப அடி” என்றார்.