பட்டாளத்துச் சாமியாரின் கல்லறை

கல்லறைத் திருநாள் வந்தாலே லூர்தம்மாளுக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிடும். அன்றைக்குச் சேரப்பணஞ்சேரியில் ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறைக்கு வெள்ளையடித்து, சாமந்தி போட்டு, மெழுகுவத்தி ஏற்றிப் பக்கத்திலேயே நிற்கும். பங்குச் சாமியார் ஒவ்வொன்றாக வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். லூர்தம்மாளின் தம்பிக்கு மட்டும் அங்கே ஒரு பிடி மண்கூடக் கிடையாது.

தம்பி யேசுராஜ் பட்டாளத்துச் சாமியார், சிப்பாய்களுக்குப் பூசை வைக்கும் பாதிரியார். தாயில்லாப் பிள்ளை, அக்காள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். எழுபத்தொன்று சண்டையில், சாகக் கிடந்த ஒரு சிப்பாய்க்கு அவஸ்தைப்பூசுதல் என்னும் கடைசி எண்ணெய்ப்பூச்சு கொடுக்கப் போய்ச் சுடப்பட்டுச் செத்தான், வங்காள எல்லையிலேயே புதைத்தாயிற்று என்று சேதி வந்தது. அவ்வளவுதான்.

"சாவப் போறவனுக்கு எண்ணெ தடவப் போயி இவனும் சேந்து பூட்டான். வெவரங்கெட்டவன்!"

இருபது வருஷமாக இந்தத் திட்டு ஓயவில்லை. திட்டாத நாளில் அழுதாள். அதற்குத் திட்டுவதே தேவலை.

அந்த வருஷம், 1991இல், மகன் டெனிசன் கல்லறைத் தோட்டத்துக்கு ஓர் ஆளைக் கூட்டிவந்தான். கட்டைக்கால், நரைத்த மீசை. டெனிசன் வேலை பார்க்கும் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்குப் புதிதாக வந்த வாட்ச்மேன், பெயர் ரகுபதி.

"எம்மா, மாமா எண்ணெ பூசப் போனாரே, அந்த சிப்பாய் இவருதான். கேன்டீன்ல பேசிக்கினு இருந்தப்போ தெரிஞ்சுது."

லூர்தம்மாள் மேலும் கீழும் பார்த்தாள். "நீ சாவலியா?"

"இல்லக்கா." ரகுபதி கைகூப்பினான். "நான் வேதக்காரனும் இல்ல. எங்கம்மா வேண்டிக்கினு கழுத்துல வேளாங்கண்ணி பதக்கம் கட்டி அனுப்புச்சு. அதப் பாத்து சாமியார் என்னை உங்காளுன்னு நெனச்சிட்டாரு. கால் பூடுச்சு, வயல்ல கெடக்கறேன், தவழ்ந்துகினே வந்து எண்ணெப் புட்டியத் தொறக்கறாரு. 'சாமி, நான் மாரியாத்தாவக் கும்புட்றவன். ஏமாந்து வந்துட்டீங்க, திரும்பிப் பூடுங்க'ன்னேன்."

"அதுக்கு இன்னா சொன்னான்?"

"சிரிச்சாரு. 'அப்போ எண்ணெக்கு வேல இல்ல, முதுகுல ஏறு'ன்னு புட்டியத் தூக்கி வீசிட்டாரு. பதுங்குகுழி வரைக்கும் சொமந்து வந்து, என்னை உள்ள எறக்கி வுட்டுட்டு, தான் குதிக்கறதுக்குள்ள சுட்டுட்டானுங்க. அந்தப் பதக்கம் இல்லாங்காட்டி அவரு இன்னிக்கி உயிரோட இருந்திருப்பாரு. உங்க மூஞ்சில முழிக்கவே பயமாக்கீதுக்கா."

லூர்தம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணீரும்.

"அடக் கள்ளா! ஒரு கொடம் தண்ணி தூக்குடான்னா இடுப்பு வலிக்குதும்பான். இவ்ளோ பெரிய ஆளையா தூக்கினான்?" முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "உனக்குக் கொழந்த குட்டி?"

"மூணு பொண்ணுங்கக்கா. பெரியவ முழுகாம கீறா."

செத்தவர்கள் இரண்டு பேர் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தாள். இவனைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு நிறைந்தது.

பங்குச் சாமியார் வழக்கம்போல் அவளைத் தாண்டிப் போகப் பார்த்தார். லூர்தம்மாள் ரகுபதியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"சாமி, நில்லுங்க. என் தம்பிக்கும் மந்திரிச்சிட்டுப் போங்க."

"கல்லறை எங்கம்மா?"

"இதோ நிக்கறான் பாருங்க. ரகுபதி, கோச்சிக்காத, தலையக் குனி."

சாமியார் ஒரு கணம் தயங்கிவிட்டுத் தெளித்தார்.

"இன்னும் நல்லாத் தெளிங்க சாமி," என்றாள் லூர்தம்மாள். "இருபது வருஷமா வுட்டுப்போச்சு."